நாய்க்கால் கம்பிக்கு வந்த காப்புரிமை

போன வாரம் இளம் காப்புரிமை ஏஜென்ட்களான உங்களில் ஒருத்தர் என் வீட்டுக்கு வந்திருந்தார். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளை. காபி ஆறுவதற்குள் ரெண்டு தடவை சொல்லிவிட்டார்: "மேடம், இந்த மாசம் எங்க ஆபீஸ்லயே நான்தான் அதிக விண்ணப்பம் ஃபைல் பண்ணியிருக்கேன்." சந்தோஷம் என்றேன். அதில் எத்தனை பொருளை நேரில் போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "நேர்லயா?" என்று முழித்தார். "படம் அனுப்பிருவாங்க மேடம். அதை வச்சு எழுதிர வேண்டியதுதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் எனக்கு மறைக்கத் தெரியாது. கத்தித் தீர்த்தேன். பாவம், பிஸ்கட்டைக்கூட முடிக்காமல் கிளம்பிப் போனார். அன்றைக்குக் கத்தாமல் சொல்லியிருக்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள், அவர் மட்டும் ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மதுரை சிம்மக்கல்லில் ஒரு கடைக்கு மேலே மாடியறை. காப்புரிமை ஏஜென்ட் என்று போர்டு. ஏறி வருகிறவர்களில் பாதிப்பேர் இன்சூரன்ஸ் ஆபீஸ் என்று நினைத்து வந்தவர்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, அதைக் கொஞ்ச காலம் வேறு யாரும் செய்யக்கூடாது என்று அரசாங்கத்திடம் உரிமை வாங்கித் தருவது நம் வேலை. அந்த உரிமையைத் தகுதியில்லாத ஆள் வாங்கிவிட்டால் எதிர்த்து மனுப் போடுவதும் நம் வேலைதான். முதல் வேலைக்கு நீங்கள் எல்லாரும் முந்திக்கொண்டு ஓடுகிறீர்கள். ரெண்டாவது வேலையில் நான் மாட்டிக்கொண்டு முழித்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் விண்ணப்பங்கள் கொஞ்சமாக வரும். காப்புரிமை அலுவலகத்தில் அவற்றைச் சோதிக்கிற எக்ஸாமினர் ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்தால் துளைத்தெடுத்துவிடுவார். இதில் என்ன புதுசு, இது ஏற்கெனவே எங்கேயாவது இருக்கிறதா, உங்கள் ஆள் கேட்கிற உரிமை ஏன் இத்தனை அகலம் என்று கேட்டுக் கேட்டு நம் உயிரை வாங்குவார். அப்போது திட்டிக்கொண்டே பதில் எழுதுவேன். ரெண்டாயிரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. கையில் எத்தனை காப்புரிமை என்று கணக்குக் காட்டினால்தான் கம்பெனிக்கு மதிப்பு என்று ஆகிவிட்டது. கட்டுக்கட்டாக வந்து விழுந்தன. பார்க்கிற ஆட்கள் அதற்கேற்பக் கூடவில்லை. நாலு பேருக்குச் சமைக்கிற அடுப்பில் கல்யாணப் பந்திக்குச் சமைக்கச் சொன்னால் சோறு வரத்தான் செய்யும். வெந்திருக்கிறதா என்று மட்டும் கேட்கக்கூடாது.

அப்படி வேகாமல் வந்த ஒரு காப்புரிமைதான் செல்லூரில் ருக்மணி அக்கா வீட்டுக் கதவைத் தட்டியது.

ருக்மணி அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் போன பிறகு ஆறு விசைத்தறிகளைத் தனியாளாக ஓட்டிக்கொண்டிருந்தார். நம்மோடு பேசும்போது சுத்தமான மதுரைத் தமிழ். ஆத்திரம் வந்தால் மட்டும் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவார். அது எனக்குப் புரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே நல்லதாகப் போயிற்று. தறிகளைப் பழுது பார்க்கிற பிட்டர் பாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், செல்லூரிலேயே குடியிருந்தார். அக்காவுக்காக எதையும் செய்வார். அந்தக் குணம்தான் அன்றைக்கு எங்களை முக்கால்வாசி கவிழ்த்தது.

விஷயம் ஒரு கம்பி. தறியின் பின்பக்கம் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் சுற்றிய பீம் என்ற உருளை இருக்கும். நெய்ய நெய்ய பீம் மெலியும், நூலின் இழுவை மாறும். பின்னால் தொங்குகிற எடையை அப்பப்போ கையால் நகர்த்தி அதைச் சரிசெய்ய வேண்டும். அசந்தால் துணியில் பட்டை பட்டையாக விழும், வியாபாரி திருப்பி அனுப்பிவிடுவார். செல்லூரில் யாரோ, எப்போதோ, ஒரு வளைந்த கம்பியை பீமின் மேல் சாய்த்து, உறுத்தாமல் இருக்க நுனியில் தோலைச் சுற்றி, மறுமுனையை எடையோடு கோத்துவிட்டார்கள். பீம் மெலிந்தால் கம்பி இறங்கும், எடை தானாக நகரும். நாயின் பின்னங்கால் மாதிரி வளைந்திருப்பதால் அதற்கு நாய்க்கால் என்று பெயர். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் செல்லூரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை.

வெளியூர்க் கம்பெனி ஒன்று தறிச் சாமான்கள் விற்றுவந்தது. தன் கடையில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விண்ணப்பம் என்று மொத்தமாகப் போட்டிருக்கிறது. அந்தக் கட்டுக்குள் நம் நாய்க்காலும் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு 'தானியங்கி இழுவைச் சீரமைப்புச் சாதனம்' என்று உட்கார்ந்திருந்தது. காப்புரிமையும் கிடைத்துவிட்டது. உடனே செல்லூருக்கு நோட்டீஸ். ருக்மணி அக்காவின் கொட்டகை தெருமுனையில் இருந்ததால் முதல் கேஸ் அவர் மேல்தான். தீர்ப்பு வரும்வரை அந்தக் கம்பியை உபயோகிக்கக்கூடாது என்று கோர்ட்டில் இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரரு இருக்கும்போதே அது தறில கெடந்துச்சு மேடம்" என்றார் அக்கா, முதல் தடவை என் மாடிப்படி ஏறி வந்தபோது. "எங்க கம்பிய நாங்க மாட்டக்கூடாதுன்னு சொல்ல அவுக யாரு?"

ஆறு தறிக்கும் எடையைக் கையால் நகர்த்த முடியவில்லை. மகள்களும் சேர்ந்து ஓடி ஓடிப் பார்த்தும் துணியில் பட்டை விழுந்தது. வியாபாரி ரெண்டு தடவை பொறுத்தார், மூன்றாம் தடவை வேறு இடம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார். காப்புரிமையை உடைத்தால் தறி ஓடும், இல்லாவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். எதிர்ப்பு மனுப் போடச் சட்டம் கொடுக்கிற ஒரு வருஷம் முடியக் கொஞ்ச நாளே பாக்கி இருந்தது.

உட்கார்ந்து தேடினேன். வெளிநாட்டு ஆவணங்களில் கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்தது. ஆனால் அந்த வளைவும் தோல் சுற்றிய நுனியும் சேர்ந்தாற்போல் எதிலும் இல்லை. அந்த இடத்தைத்தான் அவர்கள் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள். அப்படியானால் மிச்சமிருப்பது ஒரே வழி. அவர்கள் விண்ணப்பம் போடும் முன்பே இது செல்லூரில் எல்லார் கண்ணுக்கும் எதிரே ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டவேண்டும். நெசவாளிகள் சொல்வார்கள்தான். ஆனால் அவர்கள் எல்லாருமே இந்தக் கேஸில் நஷ்டப்படப் போகிறவர்கள், அவர்கள் சொல்லுக்கு எடை கம்மி. பழைய கம்பி ஒன்று வேண்டும் என்றேன். "எங்கிட்ட இருக்கு மேடம். நான் கொண்டாரேன்" என்றார் பாண்டி. நிம்மதியாக மற்ற காகிதங்களை முடித்தேன்.

கடைசி நாளைக்கு முந்தின நாள் மத்தியானம் பாண்டியும் அக்காவும் வந்தார்கள். மறுநாள் வெளியூரில் இருக்கிற காப்புரிமை அலுவலகம் மூடுவதற்குள் மனு போய்ச் சேரவேண்டும். அப்போது கம்ப்யூட்டரில் அனுப்புகிற வசதி எங்களுக்கு இல்லை, ஆள்தான் கொண்டுபோக வேண்டும். அன்று ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பிரமாண வாக்குமூலத்தில் முத்திரை வைக்க நோட்டரி வக்கீல் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. பாண்டி ஒரு சாக்குப்பையிலிருந்து கம்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். செக்கச்செவேலென்று துருப்பிடித்திருந்தது. ஒரு ஓரத்தில் ஆயுத பூஜை என்று போட்டு ஒரு பழைய வருஷமும் வெட்டியிருந்தது.

எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் பொடி ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அந்தக் கொட்டகைக்கு நாலைந்து தடவை போயிருந்தேன். தறியில் கிடக்கிற இரும்பு அப்படித் துருப்பிடிக்காது. எண்ணெய் வழியும், அதில் பஞ்சு பறந்து ஒட்டும், ரெண்டும் சேர்ந்து கறுப்பாகப் பிசினாக அப்பிக்கிடக்கும். தொட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. நான் மட்டும் படத்தைப் பார்த்து வேலை செய்திருந்தால், ஆகா, எவ்வளவு பழசு என்று சந்தோஷப்பட்டிருப்பேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். புளிப்பு வாடை.

"பாண்டி, இதப் புளித்தண்ணில எத்தனை நாள் ஊறப் போட்டீங்க?"

பாண்டி மின்விசிறியைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

"அவனத் திட்டாதீக மேடம்" என்றார் அக்கா. "புளி குடுத்தது நான்தான். உப்பும்."

"உங்க ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா? இதக் கொண்டுபோய் வச்சா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் இத ஒரு லேபுக்கு அனுப்புனான்னா, நீங்க சொன்ன உண்மையெல்லாம் சேந்து பொய்யாயிரும். உங்க பேரு, என் பேரு, தெருவுல கையெழுத்துப் போட்டவங்க பேரு எல்லாம் நாறிப்போகும்!"

பாண்டி நிமிர்ந்தார். அவர் சொன்னதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"மேடம், நாங்க பொய்யா சொல்றோம்? கம்பி அம்புட்டு வருசமா இருக்கறது நெசம்தானே? நெசத்தக் காட்டத்தான் செஞ்சோம். அந்த ஆபீஸ்காரவுக பாக்காமத்தானே அந்தக் கம்பெனிக்காரனுக்குக் குடுத்தாக? நமக்கும் பாக்காமத் தள்ளிவிடட்டும். அம்புட்டு ஃபைலு கெடக்குன்னு நீங்கதானே சொன்னீக. அதுல இத எவன் மோந்து பாக்கப் போறான்?"

அந்தப் பேச்சில் இருந்த நியாயம்தான் என்னைப் பயமுறுத்தியது. உண்மையிலேயே யாரும் மோந்து பார்க்க மாட்டார்கள். பார்க்க நேரமில்லாத ஒரு மேஜை வழியாகத்தான் அந்தக் காப்புரிமை வந்தது. அதே மேஜை வழியாக இந்தக் கம்பியும் போய்விடும். ஜெயித்தாலும் ஜெயிப்போம். எதிரே நிற்கிற அம்மாளின் கொட்டகை தப்பிக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போடலாமா என்று எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அப்படிப் போட்டால், எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்? யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற ஒரே தைரியத்தில்தான் அவர்களும் போட்டார்கள். பாண்டியின் பெயரில் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை எடுத்துக் கிழித்தேன். அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப என் தறி?" என்றார்.

"நெசமாவே பழசுன்னீங்களே, அந்தக் கம்பி எங்கே?"

"இருக்கு. கொட்டாயில. ஆனா அது உதவாது மேடம்" என்றார் பாண்டி. "பாத்தா நீங்களே சிரிப்பீக."

ஆட்டோ பிடித்தோம். கல்பாலத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. நான் ஆட்டோக்காரரைத் திட்ட, அவர் வண்டிக்காரரைத் திட்ட, அவர் மாட்டைத் திட்ட, ஒருவழியாகச் செல்லூர் சந்துக்குள் நுழைந்தோம். கையில் இருப்பது ஒரு சாயங்காலம் மட்டும்தான்.

தடை வந்தபோது கழற்றிய கம்பிகளை அக்கா ஒரு ஓரமாக வைத்திருந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. எல்லாம் வெள்ளிப் பெயிண்டில் பளபளவென்று நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்ததுபோல் இருந்தன.

"இது என்னக்கா?"

"ஆயுத பூசைக்கு அடிச்சது. வருசா வருசம் தறியத் தேச்சுக் கழுவி பெயிண்ட் அடிச்சு, சந்தனம் குங்குமம் வைப்போம்ல. தறி எங்களுக்குச் சாமியில்லையா? அழுக்கா விட்டுட்டா சாமி கும்பிட முடியும்?" அக்காவுக்குக் கோபம் ஏறியது. வீட்டுப் பாஷையில் ஏதோ படபடவென்று சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார். "இதக் காட்டுனா எவன் பழசுன்னு நம்புவான்? நேத்துச் செஞ்சு கொண்டாந்திருக்காம்பான்! அதான் மேடம், பழசப் பழசாக் காட்ட ஒரு புதுசுக்குத் துரு ஏத்துனோம்!" சொல்லிக்கொண்டே கையிலிருந்த கம்பியைச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டார்.

கம்பி எகிறி என் காலடியில் வந்து விழுந்தது. வளைவில் ஒரு இடத்தில் பெயிண்ட் தெறித்துப் போயிருந்தது. குனிந்து எடுத்தேன். தெறித்த ஓரத்தில் வெள்ளிக்குக் கீழே நீலம் தெரிந்தது. நீலத்துக்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே சிவப்பு, இன்னும் கீழே என்னென்னவோ கோடுகள்.

"யாரும் இதத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டகையில் தறி நின்றது.

அக்காவை உட்காரவைத்து அந்தக் கோடுகளைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தானாகச் சொல்ல ஆரம்பித்தார். இந்த நீலம் சின்னவளுக்குச் சடங்கு வைத்தபோது கதவுக்கு அடித்த மிச்சம். பச்சை பக்கத்துச் சைக்கிள் கடையில் சும்மா கொடுத்தது. சிவப்பு அவர் வீட்டுக்காரர் வாங்கிவந்தது, கடைசியாக அவர் அடித்த பெயிண்ட். கம்பெனி விண்ணப்பம் போட்டது அவர் கணவர் போனதற்கு ரொம்பப் பின்னால். அந்தச் சிவப்புக்குக் கீழேயே வேறு நிறங்கள் இருந்தன.

விண்ணப்பத்துக்கு முந்தின ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது. கூடவே சந்தேகமும் வந்தது. எதிர்க்கட்சிக்காரன் என்ன கேட்பான்? ஒரே வாரத்தில் உட்கார்ந்து மாற்றி மாற்றி அடித்தீர்கள் என்பான். புளித்தண்ணி ஊற்றத் தெரிந்தவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாதா? இதற்குப் பதில் இல்லாமல் ரயிலேறுவதில் அர்த்தமில்லை.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார், முன்பு அவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தேன். போன் போட்டேன். "கம்பி மட்டும் பத்தாது மேடம்" என்றார் அவர். "அது மாட்டியிருந்த தறிச்சட்டத்துலயும் அதே வரிசைல பெயிண்ட் இருக்கான்னு பாக்கணும். ஒரு துண்டு வேணும்." தறிச்சட்டத்திலிருந்து துண்டு என்றால், ஓடுகிற தறியை அறுக்கவேண்டும். அதை நான் எந்த முகத்தோடு அக்காவிடம் கேட்பது?

கேட்டேன். அக்கா தறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அறுத்துக்க பாண்டி" என்றார். "நிக்கப்போற தறிக்குக் காலு எதுக்கு?"

பாண்டி ஹேக்ஸாவை எடுத்தார். அறுக்கும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. ஒரு முழுத் தறி அதோடு நின்றது.

கல்லூரி லேபில் பேராசிரியர் ரெண்டு துண்டையும் தேய்த்து வழவழப்பாக்கி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தார். எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு, "மேடம், வந்து பாருங்க" என்றார். கண்ணை வைத்தேன். ரெண்டிலும் அதே நிறங்கள், அதே வரிசை. ஒவ்வொரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. எண்ணெய்ப் பிசுக்கு. அதில் புதைந்து கிடந்த இழைகள், தறியில் பறக்கிற பஞ்சு. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் போகாமல் தங்கிய மிச்சத்தின் மேல் அடுத்த வருஷப் பெயிண்ட் ஏறியிருந்தது.

"ஒரு வாரத்துல அடிச்சா இந்த மாதிரி வராது" என்றார் அவர். "ஒவ்வொரு பூச்சுக்கு அப்புறமும் தறி ரொம்ப நாள் ஓடியிருக்கு. இத நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற இடத்தில் டிஜிட்டல் கேமராவை அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தோம். நோட்டரி வக்கீல் ஸ்கூட்டரில் லேபுக்கே வந்து, "சிம்மக்கல்லுன்னு சொல்லிட்டு இங்க வரச் சொன்னா எப்படி?" என்று புலம்பிக்கொண்டே முத்திரை வைத்தார். நான் டிக்கெட்டைப் பாண்டியின் கையில் கொடுத்தேன்.

"நானா மேடம்? நான் அம்புட்டுத் தப்புப் பண்ணிட்டேனே."

"அதனாலதான். இந்தக் கட்டு உங்க மடிய விட்டு இறங்கக்கூடாது. இறங்குச்சு, உங்கள அதே புளித்தண்ணில ஊறப் போட்டுருவேன்."

"சரி மேடம், போயிட்டு வாரேன்" என்று காகிதக் கட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். மறுநாள் மத்தியானம் ரசீதோடு போன் பண்ணினார். அதுவரை நானும் அக்காவும் சாப்பிடவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் மனுவும் அந்தக் குவியலில்தான் போய் விழுந்தது. தப்பான காப்புரிமை சீக்கிரம் கிடைத்துவிடுகிறது, அதை ரத்து செய்யத்தான் வரிசையில் நிற்கவேண்டும். கடிதம் போட்டேன், நேரில் போனேன், சண்டை போட்டேன். "உங்களுக்கு முன்னால வந்தது எவ்வளவு கிடக்குன்னு பாருங்க" என்று கையைக் காட்டினார்கள். பார்த்தேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அத்தனை நாளும் கோர்ட்டின் தடை அப்படியே இருந்தது.

விசாரணை வந்தபோது மூன்று வருஷம் ஓடிவிட்டது. எதிர்த்தரப்பு ஏஜென்ட் சின்ன வயசு, உங்களைப்போல. நான் நினைத்த கேள்வியைத்தான் கேட்டார்: "ஒரே வாரத்தில் அடித்திருக்கலாமே?" பேராசிரியரின் படங்களை எடுத்து வைத்தேன். விசாரித்த அதிகாரி அந்தப் பஞ்சு இழைகளைப் பூதக்கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தார். அந்தக் கம்பியை ஒரு அதிகாரி நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். காப்புரிமை ரத்து.

வெளியே வராந்தாவில் அந்த இளைய ஏஜென்டைப் பிடித்தேன். விண்ணப்பம் எழுதியதும் அவர்தான் என்று தெரியும். "தம்பி, இது ஓடுற தறி எதையாவது பாத்தீங்களா?"

"இல்ல மேடம்" என்றார். மறைக்கவில்லை. "மொத்தமா படம் குடுத்தாங்க. அந்த வாரத்துக்குள்ள அத்தனையும் முடிக்கணும்னாங்க." அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. கெட்ட பையனாகத் தெரியவில்லை.

ரத்தைக் காட்டிக் கோர்ட்டுத் தடையையும் நீக்கவைத்த பிறகு, ரெண்டு உத்தரவு நகலையும் எடுத்துக்கொண்டு நேரே செல்லூருக்குப் போனேன். அக்கா வாசலுக்கு வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. கொட்டகைக்குள் போனேன். ஆறு தறி இருந்த இடத்தில் ரெண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாலும் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போய்விட்டன. போனில் என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் நீங்கள் மனசு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றார்.

படித்துக் காட்டினேன். "அப்ப மாட்டிக்கலாமா மேடம்?" என்றார். மாட்டலாம் என்றேன். பாண்டிக்கு ஆள் போயிற்று. அவர் ஓடிவந்து ரெண்டு தறியிலும் நாய்க்காலை மாட்டினார். தறி ஓடியது, பீமின் மேல் கம்பி சாய்ந்து உட்கார்ந்தது, எடை தானாக நகர்ந்தது. பாண்டிக்கு வாயெல்லாம் பல். இனிப்பு வாங்கி வருகிறேன் என்று கடைக்குக் கிளம்பினார்.

அக்கா மட்டும் தறியின் பின்னால் போய் நின்றார். எடைமேல் கையை வைத்து நகர்த்தப் போனார். நின்றார், கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கை போயிற்று. மறுபடியும் இழுத்துக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வெட்கமாகச் சிரித்தார்.

"கை தானாப் போகுது மேடம்" என்றார். "மூணு வருசமா இதத்தானே செஞ்சேன்."